பட்டியல் எப்படித் தயாராகிறது? அரசுத் தரவு: வாசகர் கேள்வி பதில்

அரசுத் திட்டங்களிலும் பொதுச் சேவைகளிலும் தரவு அறிவியல் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது, எங்கே கையைச் சுடுகிறது என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்தத் துறையில் வேலை செய்யும் எங்கள் குழுவின் பதில்கள்.

தரவு அறிவியல் என்றாலே பெரிய கம்ப்யூட்டர், மாடல் என்கிறார்கள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பது ஒரு டேப்லெட், ஒரு எடை மெஷின். இதில் எங்களுக்கு என்ன வேலை?
– செவிலியர், தருமபுரி

காசநோயாளிகளை நீங்கள் தரம் பிரிக்கிறீர்களே, அதுவே ஒரு மாடல்தான், அதாவது சில அளவுகளை வைத்து ஒன்றைக் கணிக்கும் முறை. 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து கொண்டுவந்தது. காசநோய் மரணங்களில் கணிசமானவை சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நடந்துவிடுகின்றன. அதனால் நோய் உறுதியான உடனேயே ஆபத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்தாக வேண்டும். ஸ்கேனோ விலை உயர்ந்த ரத்தப் பரிசோதனையோ இதற்கு வேண்டாம். பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்) 14 அல்லது அதற்குக் கீழ். பி.எம்.ஐ. 16 அல்லது அதற்குக் கீழ் இருந்து, கூடவே இரு கால்களிலும் வீக்கம். மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல். ரத்த ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ். பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாத நிலை. இவற்றில் ஒன்று இருந்தாலே அவர் உடனே கவனிக்க வேண்டியவர். உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமா என்பதை அடுத்த மருத்துவமனை முழுமையாகப் பரிசோதித்து முடிவு செய்யும்.

பிறகு, ஏறத்தாழ 56,000 நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு, ஒருவர் இறக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கணிக்கும் மாடல் ஒன்று டி.பி. சேவா செயலியில் சேர்ந்தது. அந்த மாடல் கேட்பதும் இதே அளவுகளைத்தான். அளவு தப்பாக இருந்தால் செயலியும் தப்பாகத்தான் சொல்லும்.

எங்கெல்லாம் தப்பும்? முதலாவது உயரம். நோயாளியைக் கேட்டு எழுதிக்கொள்வது வழக்கம். 160 செ.மீ. உள்ளவருக்கு பி.எம்.ஐ. 14 என்றால் எடை 35.8 கிலோ. அதே எடைக்கு உயரத்தை 155 என்று எழுதினால் பி.எம்.ஐ. 14.9 ஆகிவிடும், ஆள் பட்டியலை விட்டு வெளியே. இரண்டாவது மூச்சு. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் 20, 24, 28 என்றுதான் வரும். வரம்போ ‘24-க்கு மேல்’. 15 விநாடியில் ஆறா ஏழா என்ற ஒரே ஒரு மூச்சு வித்தியாசத்தில் முடிவு மாறிவிடுகிறது. முழு நிமிடம் எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்றாவது ஆக்சிஜன். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து எழுதுங்கள்.

எங்கள் வட்டாரத்தில் பதிவாகும் ரத்த அழுத்த எண்கள் பார்த்து எழுதியவையா, உட்கார்ந்த இடத்தில் எழுதியவையா என்ற சந்தேகம் இருக்கிறது. யார் மனதையும் நோகடிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வட்டார மருத்துவ அலுவலர்

கடைசி இலக்கத்தை எண்ணுங்கள். எக்செல்லில் ரைட் ஃபங்ஷனால் ஒவ்வோர் எண்ணின் கடைசி இலக்கத்தைத் தனிப் பத்தியில் எடுத்து, எந்த இலக்கம் எத்தனை முறை வந்தது என்று பைவட் டேபிள் போட்டு எண்ணினால் போதும். டிஜிட்டல் மெஷினில் எடுத்த 1,000 அளவுகளில் ஒவ்வோர் இலக்கமும் சுமார் 100 முறை வர வேண்டும். 80-இலிருந்து 120 வரை இயல்பான ஏற்ற இறக்கம். பூஜ்யம் மட்டும் 300 முறை வந்தால் அது மெஷின் காட்டிய எண் அல்ல.

ஆனால் பாதரச மானியோ டயல் வைத்த மானியோ என்றால் கணக்கு வேறு. அவற்றில் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில் இருப்பதால் இரட்டைப்படை மட்டுமே வரும். ஒவ்வொன்றும் 200 வீதம். அங்கே 137 என்று ஒற்றைப்படை எழுதியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். எனவே எந்தக் கருவி என்று கேட்காமல் யாரையும் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள்.

அடுத்து வரம்புக்குச் சற்றுக் கீழே பாருங்கள். 138/88 குவியலாக இருந்து 140/90 பள்ளமாக இருந்தால், வரம்பைத் தாண்டினால் ஏதோ கூடுதல் வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம்: பரிந்துரைப் படிவம், மறுநாள் தொடர் அழைப்பு, மேலதிகாரியின் கேள்வி. பிரசவ எடையிலும் இதே கதைதான். 2.5 கிலோவுக்குக் கீழ் என்றால்தான் எடை குறைந்த குழந்தை, சரியாக 2.5 என்று எழுதிவிட்டால் கணக்கில் வராது. ஆனால் 100 கிராம் வீதம் கோடு போட்ட தராசில் 2.46 கிலோவும் 2.5 ஆகத்தான் தெரியும். அங்கே தராசை மாற்ற வேண்டும். செவிலியருக்கு மெமோ கொடுத்துப் பயனில்லை.

நூற்றுக்கு ஐந்து பேரை வேறொருவர் வேறு கருவியில் ஒரு வாரத்துக்குள் மறுபடி அளக்கட்டும். அந்த ஐந்து பேர் யார் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியக் கூடாது. இலக்கு எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பாராட்டுவதும் திட்டுவதும் நிற்கும்வரை குவியல் கரையாது என்பது எங்கள் கருத்து.

ரேஷன் கார்டு பட்டியலையும் ஓய்வூதியப் பட்டியலையும் ஒப்பிடச் சொல்கிறார்கள். பெயரை வைத்து மேட்ச் செய்தால் பாதிகூடச் சேர மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?
– வருவாய்த் துறை ஊழியர், விழுப்புரம்

இந்த இதழுக்கு வந்ததில் மிக நல்ல கேள்வி. அரசுத் தரவு வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போகிறது.

முதலில் எழுத்துரு. பழைய கோப்புகள் வானவில், பாமினி என்று யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் இருக்கும். தமிழ்நாட்டில் யூனிகோடும் டேஸ்-16-உம் எழுத்துக் குறியீட்டுக்கான அரசுத் தரமாக அறிவிக்கப்பட்டது 2010-இல்தான். அதற்கு முந்தைய பட்டியல்களை முதலில் மாற்றியாக வேண்டும். மாற்றிய பிறகும் பிரச்சினை தீராது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு சொல். என்.எஃப்.சி. என்ற யூனிகோடு சீர்மைப்படுத்தலை ஓடவிட்டால் இது சரியாகும். அதற்கும் அடங்காத இரண்டு உண்டு. ‘கௌரி’யைப் பலர் ‘கெ’, அப்புறம் ‘ள’ என்று தட்டியிருப்பார்கள். ‘ஸ்ரீ’யும் இரண்டு விதமாக, ‘ஸ’வை வைத்தும் ‘ஶ’வை வைத்தும், சேமிக்கப்பட்டிருக்கும். இவற்றுக்குத் தனியாக மாற்று விதி எழுதுங்கள்.

அடுத்தது இனிஷியல். ‘எஸ்.முருகன்’, ‘முருகன் எஸ்’, ‘முருகன் சுப்பிரமணி’, ‘முருகன் த/பெ சுப்பிரமணியன்’ எல்லாம் ஒருவராக இருக்கலாம். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், இனிஷியல் மூன்றையும் தனித்தனிப் பத்திகளாகப் பிரியுங்கள். திருமணமான பெண்ணின் இனிஷியல் ஒரு பட்டியலில் அப்பாவுடையதாகவும் இன்னொன்றில் கணவருடையதாகவும் இருக்கும். எனவே இனிஷியல் பொருந்தவில்லை என்பதற்காகப் பெண்களைத் தள்ளாதீர்கள்.

எல்லோரையும் எல்லோரோடும் ஒப்பிடாமல், முதலில் ஊரால் பிரியுங்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், எல்.ஜி.டி. எனப்படும் உள்ளாட்சிக் குறியீட்டு எண் வேண்டும். ‘புதூர்’ எத்தனை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததா! ஊருக்குள் பிறந்த ஆண்டு இரண்டு வருடம் முன்பின் உள்ளவர்களை மட்டும் ஒப்பிடுங்கள். பிறந்த தேதியை நம்ப வேண்டாம். தேதி தெரியாமல் ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று விழுந்திருக்கும்; வயதானவர்களில் இது ஏராளம். இரண்டு பேருக்கும் ஜனவரி 1 என்பது பொருத்தத்துக்குச் சாட்சியே ஆகாது.

ஒவ்வொரு ஜோடிக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் கொடுத்த பிறகு கோடு இரண்டு போடுங்கள். மேல் கோட்டுக்கு மேலே ‘ஒரே ஆள்’, கீழ்க் கோட்டுக்குக் கீழே ‘வேறு ஆள்’, நடுவில் இருப்பவர்களை மனிதக் கண் பார்க்கட்டும். கோடுகளை எங்கே போடுவது? எல்லா மதிப்பெண்களிலிருந்தும் 200 ஜோடிகளைக் குலுக்கி எடுத்து, கிராம நிர்வாக அலுவலரோடு உட்கார்ந்து ‘ஆம், இல்லை’ எழுதிப் பாருங்கள். ஒரு மதியத்துக்குள் முடியும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். ஆள் சரியாகப் பொருந்திவிட்டாலும் சொத்து அவருடையது என்று ஆகிவிடாது. மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். மின் இணைப்போ பல வீடுகளில் இறந்துபோன தாத்தா பெயரிலும், வாடகை வீடென்றால் உரிமையாளர் பெயரிலும் இருக்கும். ஒரு மீட்டரில் மூன்று குடித்தனம் ஓடும். இதை எந்த அல்காரிதமும் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்டுபிடிக்காது. நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

தகுதியில்லாத பயனாளிகளை 95 சதவீதத் துல்லியத்தோடு கண்டுபிடிக்கும் மென்பொருள் என்று ஒரு நிறுவனம் விற்க வந்தது. வாங்கலாமா?
– மாவட்ட அலுவலர்

பேப்பரும் பேனாவும் எடுங்கள். ஒரு லட்சம் ஓய்வூதியர்கள். அவர்களில் நூற்றுக்கு ஒருவர், அதாவது 1,000 பேர் தகுதியற்றவர்கள் என்று வையுங்கள். மென்பொருள் அதில் 950 பேரைப் பிடிக்கும். நல்லது. மீதி 99,000 பேர் தகுதி உள்ளவர்கள். அவர்களில் 5 சதவீதம், 4,950 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆக, பட்டியலில் 5,900 பேர். உண்மையில் தகுதியற்றவர் 950. ஆறு பேரில் ஐந்து பேர் நிரபராதி. விற்பவர் பொய் சொல்லவில்லை, 95 என்பது உண்மைதான். ‘நீங்கள் கொடுக்கும் பட்டியலில் நூற்றுக்கு எத்தனை பேர் நிஜம்?’ என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் வராவிட்டால் அனுப்பிவிடலாம்.

உதவி கொடுக்கப் போடும் பட்டியலுக்கும் உதவியை நிறுத்தப் போடும் பட்டியலுக்கும் ஒரே அளவுகோல் ஆகாது. காசநோய்ப் பட்டியலில் ஒருவர் தவறாகச் சேர்ந்தால் ஒரு பரிசோதனை கூடுதல், அவ்வளவுதான். ஓய்வூதிய நீக்கப் பட்டியலில் தவறாகச் சேர்ந்தவருக்கு அந்த மாதம் சாப்பாடு இல்லை.

தெலங்கானாவில் பல துறைகளின் பட்டியல்களைப் பெயரால் இணைத்துத் தகுதியைத் தீர்மானிக்கும் சமக்ர வேதிகா என்ற ஏற்பாடு இருக்கிறது. சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியவரின் குடும்பம், பெயர் ஒத்துப்போன வேறொருவரின் காரால் ‘கார் வைத்திருப்பவர்’ ஆகி, ரேஷன் கிடைக்காமல் போனது செய்தியானது. அந்த மாநிலத்தில் ரத்தான ரேஷன் கார்டுகளை நேரில் போய் மறுஆய்வு செய்ய 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

உதவித்தொகையை அதிகமாக வாங்கிவிட்டதாகச் சொல்லித் தானியங்கியாகத் திருப்பி வசூலித்த ஆஸ்திரேலியாவின் ரோபோடெட் திட்டம் இன்னும் மோசம். அங்கே மாடல் என்று சொல்லக்கூட ஒன்றும் இல்லை, வெறும் வகுத்தல். உதவித்தொகை இரண்டு வாரக் கணக்கில் கொடுக்கப்பட்டது. வருமானவரித் துறையிடம் இருந்தது ஆண்டு வருமானம். ஆண்டுத் தொகையை 26-ஆல் வகுத்து ஒவ்வோர் இரு வாரத்துக்கும் ஒட்டினார்கள். முதல் ஆறு மாதம் வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதித்து, அடுத்த ஆறு மாதம் வேலை இல்லாமல் உதவி பெற்றவரைப் பாருங்கள். உதவி பெற்ற ஒவ்வோர் இரு வாரத்திலும் அவர் 1,000 டாலர் சம்பாதித்ததாகக் கணக்கு வரும். ‘மறைத்துவிட்டாய், திருப்பிக் கட்டு’ என்று கடிதம் போனது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மீது 170 கோடி டாலருக்கு மேல் சட்டவிரோதமாகக் கடன் சுமத்தப்பட்டது. 2023 ஜூலையில் வந்த ராயல் கமிஷன் என்ற விசாரணை ஆணையத்தின் அறிக்கை அதைக் கடுமையாகச் சாடியது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒப்பந்தத்தில் இவற்றைச் சேருங்கள்: பட்டியலில் வந்த யாருக்கும் தானாகப் பணம் நிற்கக் கூடாது, என்ன காரணம் என்று தமிழில் நோட்டீஸ், 30 நாள் அவகாசம், கள ஆய்வு, அதன் பிறகே ஆணை. கள ஆய்வின் முடிவு மென்பொருளுக்குத் திரும்பிப் போக வேண்டும். குலுக்கி எடுத்த 300 பேரையும் அதே ஆய்வுக்கு அனுப்புங்கள். குலுக்கலில் எத்தனை தகுதியற்றவர்கள் கிடைக்கிறார்கள் என்று தெரியாமல் மென்பொருள் எதையாவது கூடுதலாகக் கண்டுபிடித்ததா என்று சொல்லவே முடியாது.

குடிநீர்க் குழாய் கசிவை ஆப்பில் வரும் புகாரை வைத்துத்தான் சரி செய்கிறார்கள். எங்கள் வார்டிலிருந்து புகாரே வருவதில்லை. அதனால் குழாய் நன்றாக இருக்கிறதாம்!
– வார்டு உறுப்பினர், ராணிப்பேட்டை

புகார் எண்ணிக்கையில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது: கசிவும், புகார் செய்யும் பழக்கமும். போனும் நேரமும், சொன்னால் வருவார்கள் என்ற நம்பிக்கையும் உள்ள தெருவிலிருந்துதான் புகார் வரும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் சாலைப் பள்ளங்களைப் போனின் அதிர்வால் கண்டுபிடிக்கும் செயலி ஒன்றை விட்டபோதும் இதே கவலை எழுந்தது. ஸ்மார்ட்போன் அதிகமுள்ள பகுதிப் பள்ளங்கள் மட்டும் தெரியும்.

புகாரை நம்பாத இரண்டு அளவுகளைக் கேளுங்கள். வார்டின் கடைக்கோடிக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா? இல்லையென்றால் வழியில் ஏதோ கலக்கிறது அல்லது மருந்தே போடவில்லை. இன்னொன்று, 60 வீடுகளில் நேரில் கேட்பது. வீடுகளைச் சொத்துவரிப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள், புறம்போக்கில் இருப்பவர்கள் விட்டுப்போவார்கள். மின் இணைப்புப் பட்டியல் பரவாயில்லை. 60-இல் 15 வீட்டில் பிரச்சினை என்றால் வார்டில் 14-இலிருந்து 36 சதவீத வீடுகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். துல்லியம் குறைவுதான், ஆனால் ‘புகார் பூஜ்யம்’ என்ற வாதத்துக்கு இது போதும்.

அமெரிக்காவில் ஃபிளின்ட் நகரம் பட்டதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2014-இல் நீராதாரத்தை மாற்றியபோது அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்காததால் ஈயக் குழாய்கள் கரைந்து குடிநீரில் ஈயம் கலந்தது. எந்த வீட்டுக் குழாய் ஈயம் என்று நகராட்சிக்கே தெரியவில்லை. இருந்தது பழைய கையெழுத்து அட்டைகள். பேராசிரியர்கள் ஜேக்கப் அபர்நெத்தியும் எரிக் ஷ்வார்ட்ஸும் வீடு கட்டிய ஆண்டு, மதிப்பு, இருப்பிடம் இவற்றை வைத்து மாடல் செய்தார்கள். 2017-இல் தோண்டிய பத்து வீட்டில் ஏழில் மாற்ற வேண்டிய குழாய் கிடைத்தது. 2018-இல் புதிய ஒப்பந்த நிறுவனம் அதை ஓரம்கட்டிவிட்டுத் தெருத்தெருவாகத் தோண்டியது. சுமார் 10,500 இடத்தில் தோண்டி, 15 சதவீத இடத்தில்தான் கிடைத்தது. ‘பக்கத்து வீட்டைத் தோண்டினார்கள், என் வீட்டை ஏன் தோண்டவில்லை?’ என்று மக்கள் கேட்டதும் அதற்கு ஒரு காரணம். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலை முதலிலேயே தயாரித்து வைக்காத மாடல் கவுன்சில் கூட்டத்தில் தோற்றுவிடும். பிறகு சட்டத் தீர்வு ஒன்றின் பேரில் மாடல் திரும்பி வந்தது.

விபத்துப் பகுதி ஒன்றில் வேகத்தடை போட்டோம். அடுத்த ஆண்டே விபத்து 7-இலிருந்து 4 ஆனது. இதை வெற்றி என்று எழுதலாமா?
– நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்

அவசரப்படாதீர்கள். 7 வந்ததால்தான் அந்த இடம் உங்கள் கண்ணில் பட்டது. வழக்கமாக 4 நடக்கும் இடத்தில் ஒரு மோசமான ஆண்டில் 7 நடந்திருந்தால், அடுத்த ஆண்டு ஒன்றும் செய்யாமலேயே 4-க்குத் திரும்பும். தேசிய நெடுஞ்சாலைகளில் 500 மீட்டர் நீளத்துக்கு மூன்று ஆண்டுக் கணக்கை வைத்துக் கரும்புள்ளி (விபத்து மிகுந்த இடம்) என்று அறிவிப்பது, ஒரே ஓர் ஆண்டை நம்பி ஏமாறுவதைக் குறைக்கும். 40 இடம் பட்டியலில் இருந்து, இந்த ஆண்டு நிதி 20-க்குத்தான் என்றால், எந்த 20 என்பதைக் குலுக்கிப் போடுங்கள். மீதி 20 தானாகவே ஒப்பீட்டுக் குழுவாகிவிடும்.

இடக் குறிப்பையும் சரிபாருங்கள். முதல் தகவல் அறிக்கையில் ‘கி.மீ. 42’ என்று முழு எண்ணில் எழுதுவதால் விபத்தெல்லாம் கிலோமீட்டர் கல்லருகே நடந்ததாகத் தெரியும். செயலியில் ஜி.பி.எஸ். இருந்தாலும், ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து பதிவேற்றினால் விபத்து ஸ்டேஷன் வாசலில் நடந்ததாகிவிடும். வரைபடத்தில் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கிராம அளவில் நோய்ப் புள்ளிவிவரத்தை வெளியிடலாமா? பெயரை நீக்கிவிட்டோம்.
– ஊராட்சிச் செயலர், தேனி

பெயரை நீக்கினால் போதாது. ‘60 வயதுப் பெண், காசநோய், 1’ என்றால் ஊருக்கே ஆள் தெரியும். 10-க்குக் குறைவான எண்ணிக்கையை மறைத்துவிடுங்கள். கூட்டுத்தொகையை மட்டும் விட்டுவைத்தால் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும், அல்லது வட்டார அளவுக்குச் சேர்த்து வெளியிடலாம்.

பி.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறேன். இந்த வேலைக்கு எதிலிருந்து தொடங்குவது?
– மாணவி, திருநெல்வேலி

பைத்தானுக்கு முன்னால், அட்டவணைகளிலிருந்து தகவலை எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். மொழியைப் படியுங்கள், அரசுத் தரவு அட்டவணை அட்டவணையாகத்தான் இருக்கிறது. மாதிரிக் கணக்கெடுப்பை ஒழுங்காகப் படியுங்கள், குறிப்பாக எடைகளை, அதாவது மாதிரியில் வந்த ஒருவர் மொத்தத்தில் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண்களை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019–21 சுற்றின் தரவைப் பதிவு செய்து இலவசமாகப் பெறலாம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்திலும் வீட்டு அளவிலான தரவு கிடைக்கும். அதில் தமிழ்நாட்டுக்கான ஏதாவது ஒரு எண்ணை எடுத்து, அச்சான அறிக்கையில் உள்ள அதே எண் உங்களுக்கும் வருகிறதா என்று பாருங்கள். முதல் தடவை வராது. பெரும்பாலும் எடையைப் போட்டிருக்க மாட்டீர்கள், அல்லது யாரைக் கொண்டு வகுக்க வேண்டும் என்பதில் தவறியிருப்பீர்கள்.